சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று அழுகிறார் மாமியார், திருட்டுப் பட்டமும் எனக்கே. என்ன செய்வது?

குடந்தை வாணி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமியாருக்கு 76 வயது. மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் மாடு கன்றோடு வாழ்ந்தவர். மாமனார் காலமான பிறகு கும்பகோணத்தில் எங்களோடுதான் இருக்கிறார். சர்க்கரையும் பிபியும் ரொம்ப வருஷமாக உண்டு. போன வருஷம் நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேன் எடுத்தார், கடிகாரம் வரையச் சொன்னார், இன்றைக்கு என்ன கிழமை, எந்த ஊர் என்றெல்லாம் கேட்டார், கடைசியில் அல்சைமர் என்று சொல்லி டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தவறாமல் கொடுத்துக்கொண்டு வருகிறேன். வெறும் மறதி என்றால் நான் சமாளித்துவிடுவேன், சாப்பிட்டுவிட்டு சாப்பிடவில்லை என்றால் இன்னும் ஒரு பிடி சோறு போடலாம், அதில் என்ன இருக்கிறது.

நாலரை, ஐந்து மணி ஆனால்தான் வீடு ரெண்டுபடுகிறது. மஞ்சப்பையில் ஒரு புடவை, சீப்பு, விபூதிச் சம்புடம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போய்ப் பூட்டைப் பிடித்து ஆட்டுகிறார். "கன்னுக்குட்டி கத்துது, பால் கறக்கணும், என்னை எங்க வீட்டுல கொண்டு போய் விடு" என்று ஒரே அழுகை. "அத்தை, இதுதான் உங்க வீடு, மாட்டையெல்லாம் வித்தாச்சு, மாமாவும் இல்லை" என்று எடுத்துச் சொன்னால், மாமா போன சேதியை அன்றைக்குத்தான் கேட்டவர் மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்தது தோடு. காணோம் என்று தேடினோம், பக்கத்து வீட்டம்மாவிடம் போய் "மருமக எடுத்து அவ அம்மா வீட்டுக்குக் குடுத்துட்டா" என்று சொல்லிவிட்டார். அப்புறம் புளி ஜாடிக்குள் கைக்குட்டையில் முடிச்சுப் போட்டபடி கிடைத்தது. சென்னையில் இருக்கும் நாத்தனார் ஒரு வாரக்கடைசி வந்து தங்கினால், அத்தை தெளிவாகப் பேசுகிறார், பேரன் என்ன படிக்கிறான் என்று விசாரிக்கிறார். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, அண்ணி ஏன் பெரிசு பண்றாங்க" என்று என் கணவரிடம் கேட்டுவிட்டுப் போகிறார்.

இந்த ஒரு வாரமாக இன்னும் மோசம். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிகிறார், ராத்திரி முழுக்க முழிப்பு. கொல்லையில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், சோறு போடு என்கிறார். நேற்று என்னை யார் என்றே தெரியவில்லை. வியாதி முற்றிவிட்டதா? ராத்திரி தூங்க வைக்க ஏதாவது மாத்திரை கேட்டு வாங்கலாமா? எனக்கும் தூக்கம் போய்ப் பல நாள் ஆகிறது.

ஓ.பி. டாக்டர்:

வாணி அம்மா, நான் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கிறவன். மற்றதெல்லாம் அப்புறம், கடைசிப் பத்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது அவசரம்.

ஒரு வாரத்தில் ஒருவர் இப்படி மாறினால் அதை அல்சைமர் தலையில் கட்டாதீர்கள். அல்சைமர் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் மெள்ள இறங்கும். நாள் கணக்கில் சரிந்தால், பகல் தூக்கம், ராத்திரி முழிப்பு, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் சேர்ந்து வந்தால், உடம்பில் வேறு ஏதோ நடந்து மூளையைக் குழப்புகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டெலிரியம் என்போம். டிமென்ஷியா, அதாவது அல்சைமர் மாதிரி மறதி நோய், உள்ளவர்களுக்கு இது சுலபமாக வரும். காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரி செய்யவும் முடியும்.

சிறுநீர்த் தொற்று முதல் சந்தேகம். வயதானவர்களுக்குக் காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமலேயே அது இருக்கலாம், குழப்பம் மட்டும்தான் வெளியே தெரியும். அப்புறம் சோடியம் குறைவு. பிபி மாத்திரையோடு சேர்ந்து வரும் நீர் பிரியும் மருந்தால் அது இறங்கும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும், இவர் விஷயத்தில் அதை நிச்சயம் பார்க்க வேண்டும். மலச்சிக்கல், நெஞ்சுச் சளி, போதாத தண்ணீர், இதெல்லாமும் உண்டு. புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா? மூக்கு ஒழுகுகிறது என்று மருந்துக்கடையில் வாங்கிய அவில் மாதிரி மாத்திரைகூடப் போதும், இந்த வயதில் ஆளை அடியோடு குழப்பிவிடும். கடந்த ஒன்றிரண்டு மாதத்தில் எங்காவது விழுந்தாரா என்றும் யோசித்துப் பாருங்கள். லேசாகத் தலை இடித்திருந்தாலும் மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து சில வாரம் கழித்துத்தான் தெரியவரும்.

ஆகவே நாளைக்குத் தள்ளாதீர்கள், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். எழுப்பினாலும் எழவில்லை, ஒரு பக்கம் கை கால் வரவில்லை, வலிப்பு வந்தது என்றால் நேராக 108. இல்லையென்றால் சிறுநீர்ப் பரிசோதனை, சோடியம், சர்க்கரை, சிறுநீரகத்துக்காக கிரியேட்டினின், ரத்த அணுக்கள், விழுந்திருந்தால் தலைக்கு சிடி ஸ்கேன். கூடவே பி12, தைராய்டு பார்த்தார்களா என்று பழைய ஃபைலில் தேடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர், பல வருஷமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் எடுக்கிறவர் என்றால் பி12 குறைய இரண்டு காரணம் இருக்கிறது. அது குறைந்தாலே மறதி வரும், ஊசி போட்டால் தேறக்கூடியது அது.

தூக்க மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ராத்திரி எழுந்து நடக்கும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்த பாட்டிகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆட்களை அடக்கி வைக்கும் மனநோய் மருந்துகளும் அப்படித்தான். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அவை மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-இலேயே கடுமையான எச்சரிக்கை போட்டது. தமக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு டாக்டர் கொடுப்பார், அது வேறு. தொற்று எல்லாம் சரியான பிறகும் பிள்ளைகள் தெரிவது நிற்கவில்லை, நடை இறுகிவிட்டது, ஒரு நாள் தெளிவு மறுநாள் குழப்பம் என்று இருந்தால் அதை நரம்பியல் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். லூயி பாடி என்று ஒரு வகை டிமென்ஷியா இருக்கிறது, அதில் ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் ஊசி போட்டால் ஆள் படுத்த படுக்கையாகிவிடலாம்.

ஈரோடு சரஸ்வதி:

வாணி, டாக்டர் சொன்னதை முதலில் செய்யம்மா. நான் எழுதுவது திரும்பி வந்த பிறகு படிக்க.

என் அம்மாவைக் கடைசி வரைக்கும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் நான். உன் மாமியார் கேட்கிற வீடு மன்னார்குடியில் இருக்கிற வீடு என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்லாதே. நீ அவரை அங்கேயே கூட்டிக்கொண்டு போய் விட்டாலும் அந்த வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போகணும் என்றுதான் சொல்லப்போகிறார். பயமாக இருக்கிறது, இந்த இடம் பழகவில்லை, என்னை யாரோ தேடுவார்கள் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். மாமா இறந்துவிட்டார் என்று இனி ஒரு தடவைகூடச் சொல்லாதே. அந்தச் சேதி அவருக்குள் தங்காது, துக்கம் மட்டும் தங்கும், ராத்திரி வரை ஏன் என்றே தெரியாமல் அழுதுகொண்டிருப்பார்.

அப்போ பொய் சொல்லணுமா என்று கேட்பாய். பொய்யே சொல்ல வேண்டாம், பேச்சை அவர் பக்கம் திருப்பினால் போதும். "மாடு எத்தனை லிட்டர் கறக்கும் அத்தை? கன்னுக்குட்டிக்கு என்ன பேரு?" என்று கேள். மாமா எங்கே என்றால் "மாமாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று கேள். ஐந்து மணி என்பது அவர் ஐம்பது வருஷமாகப் பால் கறந்த நேரம், விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் கை சும்மா இருந்தால் உடம்பு தவிக்கத்தான் செய்யும். அதற்கு அரை மணி முன்னாலேயே ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடு. முருங்கைக்கீரை ஆய்வது, மொச்சை உரிப்பது, பூக்கட்டுவது, இதெல்லாம் தலை மறந்தாலும் கை மறக்காது. என் அம்மாவுக்கு என் பேர் மறந்துபோன காலத்தில்கூட உதிரி மல்லியையும் நாரையும் மடியில் போட்டால் நெருக்கமாகக் கட்டுவார், பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். கட்டினது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்காதே, வாங்கித் தலையில் வைத்துக்கொள்.

இன்னொன்று, வெளிச்சம். இருட்டுக் கட்டுவதற்கு முன்னாலேயே எல்லா லைட்டையும் போட்டுவிடு. மங்கலில் நிழலெல்லாம் ஆளாகத் தெரியும். கண்ணாடியில் தன் முகத்தையே யாரோ ஒரு கிழவி என்று நினைத்துப் பயந்தால் துணி போட்டு மூடிவிடு. வாசலில் கறுப்பு மிதியடி இருந்தால் எடுத்துவிடு, அது பள்ளம் மாதிரி தெரிந்து காலெடுத்து வைக்க மாட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். அப்படியும் பூட்டை ஆட்டினால் தடுத்து நிறுத்தாமல் "சரி வாங்க போகலாம்" என்று செருப்பு மாட்டி அந்தத் தெரு கோயில் வரைக்கும் கூட்டிப் போய்த் திரும்பி வா. திரும்பும்போது "வீடு வந்தாச்சு" என்று அவரே சொல்வார், எத்தனையோ நாள் எங்கள் வீட்டில் அது நடந்தது. தனியாக வெளியே போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வை. கையில் வளையல் மாதிரி ஒன்றில் உன் போன் நம்பரைப் பொறித்துப் போட்டுவிடு, பக்கத்து வீட்டுக்காரர், முக்கு மளிகைக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு எல்லாரிடமும் சொல்லி வை. இதை மூடி மறைக்காதே, இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

தோடு விஷயம் மனசு வலிக்கும், எனக்குத் தெரியும். ஆனால் யார் பக்கத்திலேயே இருக்கிறார்களோ அவர்கள் மேல்தான் பழி விழும். வைத்த இடம் மறந்துபோனது, வைத்ததே மறந்துபோனது, அப்புறம் பொருள் காணாமல் போனதற்கு மூளை ஒரு காரணம் தேடுகிறது. "நான் எடுக்கலை" என்று வாதாடாதே. "ஐயோ காணோமா, வாங்க தேடலாம்" என்று சேர்ந்து தேடு. நல்ல தோட்டை லாக்கரில் வைத்துவிட்டு அதே மாதிரி கவரிங் இரண்டு ஜோடி வாங்கி வை. எங்கே ஒளிப்பார் என்று உனக்கே பழகிவிடும், புளி ஜாடி, தலையணை உறை, பூஜை அலமாரி. குப்பையைக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கிளறிப் பார்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:

மேலே இருவரும் சொன்னதற்கு மேல் உடம்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன், பல குடும்பங்கள் இதை ரொம்பத் தாமதமாகத்தான் யோசிக்கின்றன.

உங்கள் மாமியாருக்கு வங்கியில் சேமிப்போ வைப்புத்தொகையோ இருந்தால், அவர் புரிந்து கையெழுத்துப் போடக்கூடிய நாள் இருக்கும்போதே மகனோ மகளோ ஒருவரைச் சேர்த்து "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள், நியமனதாரரையும் பதிந்துவிடுங்கள். பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும், தேவைப்படுகிற நேரத்தில் அது கைகொடுக்காது. உயில் எழுத விருப்பம் இருந்தால் இரண்டு சாட்சிகளோடு, மனத்தெளிவு இருக்கிறது என்று அன்றைய தேதியில் டாக்டர் கொடுத்த சான்றையும் இணைத்து, பதிவும் செய்துவிடுவது நல்லது. பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பின்னால் உடன்பிறந்தவர்களுக்குள் சண்டை வராமல் இருக்க உதவும். முக்கியமாக, நாத்தனாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவர் கண் முன்னாலேயே இதைச் செய்யுங்கள். திருட்டுப் பழி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் ரகசியமாகச் செய்கிற எதுவும் வம்பில்தான் முடியும்.

குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால், ஆயுள் சான்றுக்காக அவரை வரிசையில் நிற்க வைக்காதீர்கள். முகத்தைப் படம் பிடித்துச் செல்போனிலேயே கொடுக்கலாம், தபால்காரர் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

குடந்தை வாணி:

எல்லாருக்கும் நன்றி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். டாக்டர் ஐயா, அன்றைக்குச் சாயங்காலமே கொண்டுபோய்ச் சேர்த்தோம். சிறுநீரில் தொற்று, சோடியமும் குறைவு. உள்நோயாளியாக வைத்து மருந்து ஏற்றினார்கள், சோடியத்துக்காக பிபி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். பி12-ம் குறைவாகத்தான் இருக்கிறது, ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். கொல்லைப் பிள்ளைகள் இப்போது இல்லை. என்னை "வாணி, காபி போடு" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

சாயங்காலத் தவிப்பு இன்னும் இருக்கிறது, சரஸ்வதி அக்கா சொன்ன மாதிரி கீரையும் கோயிலும் வைத்து ஓட்டுகிறேன், பாதி நாள் பலிக்கிறது. இப்போது புதுப் பிரச்சினை குளியல். குளிக்கவே மாட்டேன் என்கிறார், தண்ணீரைத் தலையில் ஊற்றினால் கத்துகிறார், நேற்று என்னை அடித்துவிட்டார். என் கணவர் "இனி உன்னால முடியாது, முதியோர் இல்லம் பார்க்கலாமா" என்று கேட்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை, ஆனால் முடியவும் இல்லை.

பொன்னி நாடன்:

பெற்ற தாயை இல்லத்தில் கொண்டுபோய் விடுவதை எப்படி நினைக்கவே முடிகிறது? நம் பாட்டி தாத்தாக்களுக்கும் இந்த மறதி இருந்தது, வீட்டில் வைத்துத்தானே பார்த்தோம். உங்கள் கணவர் வேலையைக் குறைத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கட்டும்.

ஈரோடு சரஸ்வதி:

தம்பி, கணவர் பார்க்க வேண்டும் என்று சொன்னீர்களே, அது ரொம்பச் சரி, அதை நானும் சொல்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் பாட்டியைப் பார்த்தது யார்? கூட்டுக் குடும்பத்தில் ஓரகத்திகள், பேத்திகள், பக்கத்து வீட்டு அத்தை என்று கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். இன்றைக்கு ஒரு பெண் தூக்கமில்லாமல் ராப்பகலாகத் தனியாகப் பார்க்கிறாள். அவளிடம் போய்ப் பாவம் புண்ணியம் பேசாதீர்கள். நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று 2023-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அத்தனை வீட்டிலும் ஒரு வாணி இருப்பாள்.

வாணி, சாதாரண முதியோர் இல்லம் இவருக்கு ஒத்துவராது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிமென்ஷியா பார்த்துப் பழகிய ஆட்கள் உள்ள இடமாக இருக்க வேண்டும், சேர்ப்பதற்கு முன்னால் சாயங்கால நேரத்தில் போய்ப் பார், பூட்டிப் போட்டிருக்கிறார்களா, ஆட்களைக் கட்டி வைக்கிறார்களா, ராத்திரி எத்தனை பேர் வேலையில் என்று கேள். அப்படி ஒரு நல்ல இடம் கிடைத்து நீ விட்டால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் பகலில் நாலு மணி நேரத்துக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துப் பார். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு டெம்கேர்ஸ் என்று டிமென்ஷியாவுக்காகவே ஒரு பிரிவு நடத்துகிறது, கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்திருக்கிறார்கள், நாத்தனார் அங்கேதானே இருக்கிறார், அவரை விசாரிக்கச் சொல். எதுவும் தெரியவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567-க்குப் போன் போடு, தமிழில் பேசுவார்கள்.

குளியலுக்கு வருகிறேன். தலையிலிருந்து ஆரம்பிக்காதே, பாதத்திலிருந்து ஆரம்பி. ஸ்டூலில் உட்கார வை, தோளில் ஒரு பெரிய துண்டைப் போர்த்திவிட்டு அதற்கு மேலேயே வெந்நீரை ஊற்று, அம்மணமாக நிற்கிற கூச்சம்தான் பாதிக் கோபத்துக்குக் காரணம். சொம்பை அவர் கையிலேயே கொடு. "குளிக்க வாங்க" என்று கூப்பிடாமல் "வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்ச்சு விடவா" என்று கேட்டு, நெற்றியில் கொஞ்சம் எண்ணெய் வைத்துவிட்டால் பல பேர் தானாக எழுந்து வருவார்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடு, அரை மணி கழித்து முதல் தடவை மாதிரியே கூப்பிடு. தினமும் குளித்தாக வேண்டும் என்று சட்டமா, ஈரத்துணியால் துடைத்துவிட்டாலும் போதும், கால் இடுக்கும் மார்புக்குக் கீழும் மட்டும் ஈரமில்லாமல் வை.

நாத்தனார் விஷயத்துக்கு ஒரு வழி. விருந்தாளி வந்தால் இவர்கள் இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டிக்கொண்டு பேசுவார்கள், ஒரு நாள் இரண்டு நாள் அது தாங்கும். அதனால் வாரக்கடைசி வருகை போதாது. பத்து நாள் இங்கே வந்து தங்கச் சொல், நீ அந்தப் பத்து நாளும் உன் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கு.

குடந்தை வாணி:

அக்கா, துண்டு போர்த்தி ஊற்றினேன், கத்தவில்லை. நாத்தனாரிடம் என் கணவரே பேசினார், முதலில் கோபம், அப்புறம் அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் உள்ளே கூட்டிப் போகப் போகிறேன். டாக்டர் ஐயா, ஒன்று கேட்க வேண்டும், டோனெபெசிலை ராத்திரி கொடுத்தால் கெட்ட கனவு கண்டு எழுகிற மாதிரி இருக்கிறது, அதைக் காலைக்கு மாற்றலாமா? மாத்திரையால் என்ன பிரயோஜனம், நிறுத்திவிடலாம் என்றும் உறவுக்காரர் ஒருவர் சொல்கிறார்.

ஓ.பி. டாக்டர்:

காலைக்கு மாற்றுவது வழக்கமாகச் செய்வதுதான், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். அந்த மாத்திரை நோயைக் குணப்படுத்தாது, சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவைத் தக்க வைக்கும், அவ்வளவுதான். அதற்காகத் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், சிலர் சட்டென்று சரிந்துவிடுகிறார்கள். நாடித்துடிப்பு குறைவு, மயக்கம், வாந்தி, எடை குறைவு இருந்தால் அதையும் சொல்லுங்கள், இசிஜி எடுத்துப் பார்ப்பார்கள். போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சித்த மருந்து, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது உட்பட. காதும் கண்ணும் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தால் அதற்கும் சீட்டு கேட்டு வாங்குங்கள். காதில் அழுக்கு அடைத்தாலே பாதிப் பேச்சு அவருக்குப் போய்ச் சேராது.